பத்து எண்ணும்வரை இறுக்கிப் பிடியுங்கள்

கிராமத்து நர்ஸ் உத்தியோகத்தில் ஊசி போடுவது சுலபம், பிரசவம் பார்ப்பதுகூட நாளடைவில் பழகிவிடும். கண்ணுக்குத் தெரியாத ஒரு தசை உடம்பில் இருக்கிறது என்று ஊரை நம்ப வைப்பதுதான் பெரும்பாடு.

தும்மல் வருகிற மாதிரி இருந்தால் உடனே காலைக் குறுக்கே போட்டுக்கொள்கிறவர்களே, கல்யாண வீட்டில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கும்போது நாசூக்காகப் புன்னகையோடு நிறுத்திக்கொள்கிறவர்களே, பஸ் ஏறுவதற்கு முன் கொல்லைப்புறத்துக்கு இரண்டு தரம் போய் வருகிறவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் வெளியே சொல்ல மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு வேலை இருந்திருக்காது.

எழுபதுகளில் மரக்காணம் உப்பளத்துப் பக்கம் ஒரு துணை சுகாதார நிலையத்தில் நான் நர்ஸாக இருந்தேன். நிலையம் என்றால் ஓடு போட்ட ஒரு அறை, ஒரு மேசை, ஊசி கொதிக்க வைக்க ஒரு ஸ்டவ், அப்புறம் நான். என் கைப்பையில் மருந்துகளோடு எப்போதும் ஒரு மாற்றுப் புடவையும் இருக்கும். இரண்டு பிள்ளை பெற்ற பிறகு வந்த பழக்கம். கேட்டவர்களிடம், உப்புக் காற்றில் துணி சீக்கிரம் பிசுபிசுத்துப் போகிறது என்று சொல்லி வைத்திருந்தேன்.

தண்ணீர் குடிக்காதவள்

பங்குனி வெயிலில் ஒரு நாள் கன்னியம்மாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உப்பளத்தில் கூடை சுமக்கிறவள், முப்பது வயதுகூட இருக்காது. உப்பை வாரிப் பாத்தி ஓரத்தில் குவித்து வைப்பார்கள். அதைக் கூடையில் அள்ளித் தலையில் ஏற்றி, வரப்பு வழியாக நடந்து போய், மலை மாதிரி குவிந்திருக்கும் அம்பாரத்தில் கொட்ட வேண்டும். பாதி வரப்பில் மயங்கி விழுந்துவிட்டாளாம். நாக்கு உலர்ந்து கிடந்தது. கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தாய் என்றால், நேற்று ராத்திரி என்கிறாள். பக்கத்தில் குடிக்கத் தண்ணீர் இல்லையா என்றால், பானை நிறைய இருக்கிறதாம்.

கூட வந்தவர்கள் போன பிறகுதான் வாயைத் திறந்தாள். மூன்றாவது குழந்தை பிறந்து ஒரு மாதத்தில் கூடை தூக்கப் போயிருக்கிறாள். குழந்தை பிறந்த கையோடு புருஷன் மெட்ராஸுக்கு வேலை தேடிப் போனவன், வேலை கிடைத்ததோ என்னவோ, திரும்பி வரவில்லை. மறுபடி வேலைக்குப் போன நாளிலிருந்து, கூடை தலையில் ஏறும்போதெல்லாம் கீழே நனைந்துவிடுகிறது. உப்புத் தண்ணீரும் வெயிலும் ஈரத் துணியும் சேர்ந்து தொடை இரண்டும் புண். ஒதுங்கலாம் என்றால் கண்ணுக்கெட்டிய தூரம் பாத்திதான். முழங்கால் உயர வரப்பைத் தவிர மறைவு கிடையாது. நாற்றம் அடிக்கிறது என்று வரிசையில் பின்னால் வருகிறவன் முனகியிருக்கிறான். மேஸ்திரி, இன்னொரு தடவை கூடையோடு விழுந்தால் வேறு இடம் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டார். எனக்கு அழுகை வரும்போல இருந்தது. வேளா வேளைக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று புத்தகத்தில் படித்ததை ஒப்பித்தேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"தண்ணி குடிச்சா மானம் போவுது, குடிக்காட்டி உசுரு போவுது. எது முதல்ல போவட்டும்னு நீங்களே சொல்லுங்க நர்சம்மா."

கட்டம் இல்லாத வியாதி

ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் நல்ல மனிதர். ஆனால் அந்த வருஷம் அவருக்குக் குடும்பக் கட்டுப்பாடு தவிர வேறு எதுவும் காதில் விழாது. ஒருவன் கால் முறிந்து வந்தாலும், எத்தனை குழந்தை என்று கேட்டுவிட்டுத்தான் காலைப் பார்ப்பார். கன்னியம்மாவைப் பற்றிச் சொன்னேன். "மூணு குழந்தையா? உடனே கூட்டிட்டு வாங்க, ஆப்பரேஷன் பண்ணிடலாம்" என்றார். அந்த ஆப்பரேஷனுக்கும் இந்த ஒழுகலுக்கும் சம்பந்தமில்லையே சார் என்றேன். அப்படியானால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள், கர்ப்பப்பையையே எடுத்துவிடட்டும் என்றார்.

நான் படித்த இடத்தில் ஒரு டாக்டரம்மா இருந்தார். இடுப்புக்கு அடியில் ஒரு தசை இருக்கிறது, அதை இறுக்கித் தளர்த்தப் பழகினாலே பாதிப் பெண்களுக்கு இந்தத் தொல்லை குறைந்துவிடும் என்று சொல்லிக் கொடுத்தவர். அதை டாக்டரிடம் விளக்கினேன். கத்தி வேண்டாம், ஊசி வேண்டாம், மாத்திரை வேண்டாம், உப்பளத்துப் பெண்கள் எல்லோருக்குமே சொல்லிக் கொடுக்கலாம் என்றேன். அவர் கவனமாகக் கேட்டார். பிறகு மாதாந்திர ரிஜிஸ்டரை இழுத்து, விரலால் ஒவ்வொரு தலைப்பாகத் தடவிப் பார்த்தார்.

"நல்ல ஐடியாதான் சிஸ்டர். ஆனா இதுக்கு ரிஜிஸ்டர்ல ஒரு கட்டம்கூட இல்லியே, எங்க எழுதுவீங்க?"

அடியில்லாத கூடை

கட்டம் இல்லாவிட்டால் என்ன, கூடை இருந்தது. உப்பளத்தில் அடி கிழிந்து தூக்கி எறிந்த பனையோலைக் கூடை ஒன்றை எடுத்து வந்தேன். இதுதான் இடுப்பு எலும்பு என்றேன். சாயங்காலம் வேலை முடிந்து வந்த பதினைந்து பெண்கள் தென்னை நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். கூடையின் அடியில் ஒரு பழைய சேலைத் துண்டைத் தொட்டில் மாதிரி இழுத்துக் கட்டினேன். முன்பக்கம் முன் எலும்பிலிருந்து பின்பக்கம் வால் எலும்பு வரைக்கும் இப்படித்தான் தசை இருக்கிறது, அதில் மூன்று வழி: சிறுநீருக்கு ஒன்று, குழந்தைக்கு ஒன்று, மலத்துக்கு ஒன்று. துணிக்கு மேலே தண்ணீர் நிரப்பிய பலூனை வைத்து மூத்திரப்பை என்றேன், கத்தரிக்காயை வைத்துக் கர்ப்பப்பை என்றேன். துணி விறைப்பாக இருந்தால் எல்லாம் அதனதன் இடத்தில் நிற்கும். துணியைத் தளர்த்தினேன், பலூனும் கத்தரிக்காயும் கீழே சரிந்தன. பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் அவரவர் சேலையைச் சரிசெய்துகொண்டார்கள்.

அந்தத் தசையைக் கண்டுபிடிப்பது எப்படி என்று கேட்டார்கள். சந்தைக் கூட்டத்துக்கு நடுவில் வயிற்றுக் காற்று பிரியப் பார்க்கிறது, என்ன செய்வீர்கள் என்றேன். கொல்லென்று சிரிப்பு. எந்தத் தசை என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. வரிசையின் முன்னால் உட்கார்ந்திருந்த அஞ்சலை மட்டும் சிரிக்கவில்லை. கன்னியம்மாவுக்குக் கூடை ஏற்றிவிடுகிறவள், நாலு பிள்ளை பெற்றவள், வாயாடி. கூடையை வாங்கித் தலைகீழாகக் கவிழ்த்து, அந்தத் துணியை விரலால் சுண்டிப் பார்த்தாள்.

"நாலு புள்ளய தாங்குன துணி நர்சம்மா இது. தொளதொளன்னு ஆவாம பின்ன இன்னா பண்ணும்?"

முகத்தால் செய்தவர்கள்

இறுக்குங்கள் என்றேன். பதினைந்து பேரும் பல்லைக் கடித்தார்கள், தோளைத் தூக்கினார்கள், கன்னத்தை உப்பினார்கள். மூன்று எண்ணுவதற்குள் அஞ்சலையின் முகம் செக்கச் சிவந்துவிட்டது. கண் பிதுங்கியது. நான் பயந்துபோய் எண்ணுவதை நிறுத்தினேன். புஸ்ஸென்று பதினைந்து மூச்சு ஒன்றாக வெளியே வந்தது.

தப்பு அவர்களுடையது இல்லை. அளத்தில் அதுதான் வேலை செய்கிற முறை. கூடை கையில் வரும்போதே தம் பிடிப்பார்கள், அது தலையில் சும்மாட்டில் உட்கார்ந்து, நாலு எட்டு நடந்த பிறகுதான் விடுவார்கள். சின்ன வயதிலிருந்து அப்படியே பழக்கம். பிடி என்றால் அவர்களுக்குத் தம்மைப் பிடிப்பதுதான். அந்தத் தம்தான் வயிற்றிலிருந்து அழுத்தி எல்லாவற்றையும் கீழே தள்ளுகிறது. தாங்க வேண்டிய துணியின் மேல் ஏறி மிதிக்கிற மாதிரி. மூச்சை விட்டுக்கொண்டே இறுக்க வேண்டும், வயிறும் தொடையும் புட்டமும் சும்மா இருக்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லி என் தொண்டைதான் இறுகிப்போனது. கன்னியம்மா மட்டும் திரும்பத் திரும்ப முயன்றாள். ஒவ்வொரு தடவையும் தம் பிடித்துக்கொண்டாள். கடைசியில் சலித்துப்போய்ச் சொன்னாள்:

"தம்ம விட்டா கூடை தலையிலேர்ந்து கீழ விழுந்துடும் நர்சம்மா. அப்புறம் உங்க எக்சர்சைஸ வச்சா புள்ளைங்களுக்கு சோறு போடறது?"

மேஸ்திரிக்கு விளக்கம்

ஒரு நாளைக்கு மூன்று வேளை, வேளைக்குப் பத்துத் தடவை, முதலில் மூன்று எண்ணும்வரை, போகப்போகப் பத்து எண்ணும்வரை. குணம் தெரிய மூன்று மாதம் ஆகும் என்றேன். கன்னியம்மாவிடம் மூன்று மாதம் இல்லை. அடுத்த மயக்கத்தில் வேலை போய்விடும். அதனால் மேஸ்திரி ஏழுமலையைப் பார்க்கப் போனேன். மூன்று மாதத்துக்கு அவளை அம்பாரத்துக்கு ஓலை போர்த்துகிற வேலைக்கு மாற்றுங்கள், பெண்கள் ஒதுங்க ஒரு ஓலைத் தட்டி கட்டிக் கொடுங்கள் என்று கேட்டேன்.

பெரிய மீசை, பெரிய குரல். நூறு பேரை விரட்டி வேலை வாங்குகிறவர். "அவளுக்கு இன்னா நோவு, அத்த சொல்லுங்க முதல்ல" என்றார். சொன்னேன். நான் நர்ஸ் ஆயிற்றே, ஒளிவு மறைவில்லாமல் ஆரம்பத்திலிருந்து சொன்னேன். மூத்திரப்பை என்றதும் மேஸ்திரி கடலைப் பார்த்தார். கர்ப்பப்பை என்றதும் கழுத்துத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பக்கத்தில் கிடந்த கூடையை எடுத்து, இதை இடுப்பு எலும்பு என்று வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் ஆரம்பித்தபோது எழுந்தே நின்றுவிட்டார். மூன்று மாதம் ஓலை வேலை, அதற்கப்புறம் கூடை தூக்க முடிந்தால் இருக்கட்டும், முடியாவிட்டால் போகட்டும் என்று முடிவாயிற்று.

தட்டியும் வந்தது. மறுநாளே அதன் மறைவில் மேஸ்திரியின் சைக்கிள் நின்றது. டயருக்கு வெயில் ஆகாதாம். அதற்கு மறுநாள் சைக்கிள் தானாக வெளியே வந்துவிட்டது. பெண்கள் சைக்கிளைக் கண்டுகொள்ளாமல் அங்கேயே ஒதுங்கியதில், இரவல் கொடுத்தாலும் யாரும் தொடாத நிலையில் இருந்தது என்று கேள்வி. நான் விசாரிக்கவில்லை. ஒப்பந்தம் பேசி முடித்த அன்றைக்கு மேஸ்திரி என்னைக் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னதுதான் இன்னும் காதில் இருக்கிறது.

"நீங்க கேட்டது எல்லாத்துக்கும் சரிங்க. இனிமே வெளக்கம் மட்டும் சொல்லாதீங்க, உங்களுக்குப் புண்ணியமா போவும்."

எதுவுமே நடக்காத வகுப்பு

அது எமர்ஜென்சி சமயம். நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தாலே என்ன விஷயம் என்று கேட்பார்கள். பதினைந்து பெண்கள் தினமும் தென்னை நிழலில் பேசாமல் உட்கார்ந்து எழுந்து போகிறார்கள் என்று யாரோ எழுதிப் போட்டுவிட்டார்கள். ஜீப்பில் ஒரு பெரிய அதிகாரி வந்து இறங்கினார். அப்போதைக்குப் பெண்கள் உண்மையாகவே பழகிவிட்டிருந்தார்கள். பல்லைக் கடிப்பது போய், தோளைத் தூக்குவது போய், முகம் சாதாரணமாக இருந்தது. அதுதான் வினையாகப் போயிற்று. "எக்சர்சைஸ் எப்ப ஆரம்பிப்பீங்க?" என்றார். நடந்துகொண்டிருக்கிறது சார் என்றேன். உற்றுப் பார்த்தார். பதினைந்து பேரும் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். இப்போது இறுக்குகிறார்கள் சார் என்றேன். ஒன்றும் இல்லை. இப்போது தளர்த்துகிறார்கள் என்றேன். அப்போதும் ஒன்றும் இல்லை. அரசாங்க நேரத்தில் பெண்களைச் சும்மா உட்கார வைத்ததற்கு விளக்கம் கேட்டு எனக்கு மெமோ வந்தது.

மெமோவுக்கு நான் எழுதிய பதிலில் அந்தத் தசையின் படமும் இருந்தது. அதைப் பார்த்த கிளார்க் ஃபைலை அவசரமாக மூடியதாகக் கேள்விப்பட்டேன். மறுபடி அதே அதிகாரி வந்தார். இந்தத் தடவை கையை மேலே தூக்கி இறக்கச் சொன்னேன். கைக்கும் அந்தத் தசைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அஞ்சலை உற்சாகத்தில் கையைத் தட்டவும் ஆரம்பித்துவிட்டாள். அதிகாரியின் முகம் மலர்ந்தது. கூட வந்தவரிடம் போட்டோ எடுக்கச் சொன்னார்.

"ஆங், இது எக்சர்சைஸ்! இத முதல்லயே செஞ்சிருந்தா உங்களுக்கு மெமோவே வந்திருக்காதே சிஸ்டர்."

ஒரு மூச்சு

மூன்று மாதம் முடிந்த மறுநாள் விடியற்காலை நானும் உப்பளத்துக்குப் போனேன். போக வேண்டிய அவசியமில்லை. வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை, அவ்வளவுதான். கன்னியம்மா தேறாவிட்டால் அவள் வேலை போகும். என் பேச்சைக் கேட்டு மூன்று மாதம் எண்ணிக்கொண்டிருந்ததுதான் மிச்சம். மேஸ்திரி வரப்பில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும், எங்கே விளக்கம் சொல்ல வந்துவிடுவேனோ என்று இரண்டு பாத்தி தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

கன்னியம்மா கூடையிடம் போகவில்லை. நேராகப் பானையிடம் போனாள். ஒரு சொம்பு தண்ணீரை மொண்டு, எல்லோரும் பார்க்க அண்ணாந்து குடித்தாள். கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். பிறகு சும்மாட்டை வைத்துக்கொண்டு வந்து நின்றாள். அஞ்சலை கூடையைத் தூக்கினாள். கூடை தலைக்கு வருகிற நேரத்தில், தம் பிடிக்க வேண்டிய அந்த இடத்தில், கன்னியம்மா 'ஹூ' என்று மூச்சை வெளியே விட்டாள். கூடை உட்கார்ந்தது. ஒரு மூச்சு நேரம் அப்படியே நின்றாள். நான் படுத்துக்கொண்டு செய், உட்கார்ந்து செய் என்றுதான் சொல்லிக் கொடுத்திருந்தேன். பாரம் ஏறுகிற நொடியில் இறுக்கிக்கொண்டு மூச்சை விடுகிற இந்த வித்தை அவளே ஓலை தூக்கித் தூக்கிக் கண்டுபிடித்தது. நடந்தாள். கூடை விழவில்லை. அம்பாரத்தில் கொட்டிவிட்டுத் திரும்பி வந்தபோது சேலையின் பின்பக்கம் காய்ந்தே இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

முழுசாகக் குணமாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். இருமல் வந்த நாட்களில் அவளுக்குக் கொஞ்சம் நனையத்தான் செய்தது. ஆனால் தொடைப் புண் ஆறிவிட்டது, வேலை நிலைத்தது, பானையில் தண்ணீர் குறைய ஆரம்பித்தது. ஒரு வாரத்தில் அவளைப் பார்த்து வரிசையில் இருந்த பெண்கள் எல்லோருமே கூடை ஏறியதும் 'ஹூ' என்று ஒரு மூச்சு நின்று நடந்தார்கள். மேஸ்திரி என் நிலையத்துக்கே வந்து, வாசல் படியைத் தாண்டாமல் நின்று முறையிட்டார்.

"ஒவ்வொருத்தியும் கூடை ஏறுனதும் பாம்பு மாதிரி சீறிக்கினு நிக்கறாளுங்க. ஸ்ட்ரைக்குனா முன்கூட்டியே நோட்டீஸ் குடுக்கச் சொல்லுங்கம்மா."

மாற்றுப் புடவை

அதைக் கேட்டு வந்த சிரிப்பை மேஸ்திரி எதிரில் அடக்கிக்கொண்டேன். அவர் போனதும், மருந்து வாங்க வந்திருந்த கன்னியம்மாவிடம் அதை மீசையோடு நடித்துக் காட்டினேன். இருவருக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் சிரிப்பின் நடுவில் சட்டென்று நின்று, காலைக் குறுக்கே போட்டு, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். பிறகு ஒன்றும் நடக்காதது மாதிரி கைப்பையை எடுத்துக்கொண்டு உள்பக்கம் நகர்ந்தேன்.

கன்னியம்மா சிரிப்பை நிறுத்தினாள். என் காலைப் பார்த்தாள், கைப்பையைப் பார்த்தாள், அதில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மாற்றுப் புடவையைப் பார்த்தாள். உப்புக் காற்று என்று ஆரம்பித்தேன். அவள் கேட்டுக்கொள்ளவில்லை. ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்த நான் ஒரு நாள், ஒரு வேளை, ஒரு தடவைகூடச் செய்ததில்லை என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. நேரமில்லை, வேலை அதிகம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் வைத்திருந்த சாக்கெல்லாம் தலையில் கூடை வைத்தவளிடம் எடுபடாது. அவமானமாக இருந்தது. அவள் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டாள். விரலை மடக்கத் தயாராக வைத்துக்கொண்டாள்.

"உக்காருங்க நர்சம்மா. பல்லக் கடிக்காதீங்க, தோள எறக்குங்க, மூச்ச வுடுங்க. நான் எண்ணறேன். ஒண்ணு."

ஊருக்கெல்லாம் பத்து எண்ணிய நர்சுக்கு முதல் ஒன்றை எண்ணிக் கொடுக்க ஒரு உப்பளக்காரி வேண்டியிருந்தாள் என்பதுதான் என் உத்தியோகத்தின் மொத்தச் சுருக்கம்.